‘பேஷண்ட் தூங்குகிறார்’: தலைக்காயம் பட்ட ஒருவரின் இரண்டரை மணி நேரம்

எங்கள் வார்டு நர்ஸ்களுக்கான மாதாந்திரக் கூட்டத்தில் நான் பேசியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நோயாளியை யார் என்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டேன். இது ஒரு சிறிய ஊர் மருத்துவமனை. சி.டி. ஸ்கேன் உண்டு, மூளை அறுவை நிபுணர் கிடையாது. நிபுணர் வேண்டுமென்றால் 45 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவக் கல்லூரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வந்தவர்

வயது 38, கொத்தனார். அவர் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அன்று கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் வேட்டி சட்டை எடுத்துக்கொடுத்து மரியாதை செய்திருக்கிறார். மாலையில் நண்பர்களோடு ‘ஒரு குவார்ட்டர்’. திரும்பும்போது வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டுவிட்டது. ஹெல்மெட் இல்லை. விழுந்தது இரவு எட்டரை வாக்கில். இரண்டு மூன்று நிமிடம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, ‘ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்குப் போலாம்’ என்றிருக்கிறார். டீக்கடையில் அரைமணி நேரம் பேசிக்கொண்டும் இருந்திருக்கிறார். அப்புறம் தலை வலிக்கிறது என்று சொன்னதும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது 9.50.

இந்த அரைமணிப் பேச்சைப் பற்றி நண்பர்கள் எங்களிடம் சொன்னது நள்ளிரவில். அவர்கள் மறைக்கவில்லை, நாங்கள் கேட்கவில்லை. ‘எப்படி விழுந்தார், குடித்திருந்தாரா’ என்று ஏ.ஆர். காப்பிக்கு, அதாவது விபத்துப் பதிவேட்டுக்குத் தேவையானதைக் கேட்டோம். ‘விழுந்ததுக்கு அப்புறம் என்ன செய்தார், நல்லாப் பேசினாரா, எப்போதிலிருந்து மாறினார்’ என்று யாரும் கேட்கவில்லை. மயங்கி, தெளிந்து, நன்றாகப் பேசி, மறுபடி மங்குவது என்ற வரிசை கிடைத்திருந்தால் எங்கள் அவசரமே வேறாக இருந்திருக்கும்.

10.00 மணிக்கு நான் பார்த்தபோது: கண் தானாகத் திறந்திருந்தது, பேச்சில் குழப்பம் (இடம் கேட்டால் ‘சம்பந்தி வீடு’ என்றார்), சொன்னபடி கையைத் தூக்கினார். நினைவின் அளவைக் காட்டும் கிளாஸ்கோ ஸ்கோரில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 4, அசைவுக்கு 6, மொத்தம் 15க்கு 14. கண்பாவை இரண்டும் 3 மில்லிமீட்டர், வெளிச்சத்துக்குச் சுருங்கின. பல்ஸ் 88, பிரஷர் 130/80, ஆக்சிஜன் 97. வலது காதுக்கு மேலே வீக்கம், காதிலிருந்து கொஞ்சம் ரத்தக் கசிவு. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 132.

சர்க்கரையை முதலிலேயே பார்த்ததற்காக எனக்கு நானே ஒரு மதிப்பெண் கொடுத்துக்கொள்கிறேன். குழப்பம், வலிப்பு, பக்கவாதம், மயக்கம் என்று நரம்பு மண்டலக் கோளாறாக வரும் எந்தக் கேஸிலும் சர்க்கரை குறைந்து வந்தவர்கள் ஒளிந்திருப்பார்கள். அரை நிமிட வேலை.

வாசனை பலமாக இருந்தது. அதுதான் அன்றிரவு எல்லோருடைய கண்ணையும் கட்டியது.

முதல் ஒன்றேகால் மணி நேரம்

டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் பூச்சிமருந்து குடித்த ஒரு பெண்ணுக்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து ஓடிக்கொண்டிருந்தது, அவர் பாதி நேரம் அங்கேதான் இருந்தார். ‘போதை இறங்கட்டும், அப்சர்வேஷன்ல வைங்க, தேவைன்னா சி.டி. எடுக்கலாம்’ என்றார். கழுத்துக்குப் பட்டை போட்டோம். காதைப் பஞ்சால் அடைக்காமல் மேலே லேசாகத் துணி மட்டும் வைத்தோம். நண்பர்களில் ஒருவர் போதை தெளியட்டும் என்று ஒரு பாட்டில் மோர் வாங்கி வந்திருந்தார். வாயில் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக்கூடாது என்று வாங்கி வைத்துவிட்டேன். மங்கலான நினைவோடு இருப்பவருக்கு வாந்தி வந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும், அறுவைக்குப் போவதாக இருந்தாலும் வயிறு காலியாக இருக்க வேண்டும். அந்த நண்பர் கோபித்துக்கொண்டார்.

10.30. கூப்பிட்டால்தான் கண் திறந்தார். 3, 4, 6, மொத்தம் 13. ஒருமுறை வாந்தி.

இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். விழுந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, ஸ்கோர் இன்னும் 15 ஆகவில்லை. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டலின்படி அதுவே ஒரு மணி நேரத்துக்குள் சி.டி. எடுக்கப் போதுமான காரணம். போதை என்று அதில் விலக்கு எதுவும் கிடையாது. தவிர, அரைமணியில் ஒரு எண் இறங்கியிருக்கிறது. கண்ணுக்கு 4 என்றிருந்தது 3 ஆனது பெரிய விஷயமா என்று தோன்றும். போதை நேரம் ஆக ஆக இறங்க வேண்டும், ஸ்கோர் ஏற வேண்டும். இங்கே எதிர்த்திசையில் போகிறது.

நான் டாக்டரிடம் சொன்னது இதுதான்: ‘சார், அந்த ஆர்.டி.ஏ. (சாலை விபத்து) அதே மாதிரிதான் இருக்கார், கொஞ்சம் மயக்கமா இருக்கார், ஒரு வாந்தி.’ அவர் அட்ரோபின் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல் ‘சரி, பாருங்க’ என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ‘அதே மாதிரி’ என்று சொன்னவள் நான். 14 என்பது 13 ஆகியிருக்கிறது என்று சீட்டில் எழுதத் தெரிந்த எனக்கு, வாயால் சொல்லத் தெரியவில்லை.

10.40க்கு மேல் அவர் படுக்கையில் இருக்கமாட்டேன் என்றார். டிரிப்பைப் பிடுங்கப் பார்த்தார், காலைக் கீழே போட்டார். அட்டெண்டர் கையைக் கட்டலாமா என்றார். பயிற்சிக்கு வந்திருந்த பெண் தூக்க ஊசி போடலாமா என்றாள். இரண்டும் வேண்டாம் என்றேன். அமைதியில்லாமல் புரளும் தலைக்காய நோயாளிக்கு ஊசி போட்டால், நமக்கு இருக்கும் ஒரே கருவியை, அதாவது அவருடைய நினைவை, நாமே அணைத்துவிடுகிறோம். கட்டினால் திமிறுவார், திமிறினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். முதலில் காரணம் தேட வேண்டும்: ஆக்சிஜன் குறைகிறதா, வேறெங்காவது எலும்பு முறிந்து வலிக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா? அடிவயிறு கல் மாதிரி இருந்தது. குப்பியைப் பிடித்ததும் முந்நூறு மில்லிக்கு மேல் போனார். ஒரு ஐந்து நிமிடம் அடங்கினார். மறுபடி புரண்டார். சிறுநீர் போயும் ஆக்சிஜன் சரியாக இருந்தும் புரள்கிறார் என்றால் மிச்சமிருக்கும் காரணம் மூளைதான். அதை நான் நினைத்தேன், ஆனால் எழுந்துபோய்ச் சொல்லவில்லை. பூச்சிமருந்துப் பெண்ணுக்குச் சளி உறிஞ்சக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

சீட்டில் 11.00 மணிக் கட்டத்தில் பயிற்சிப் பெண்ணின் கையெழுத்து: ‘பேஷண்ட் தூங்குகிறார்.’

11.20

தூரத்திலிருந்து கேட்டதே குறட்டைதான். ‘அப்பாடா, ஒருவழியா தூங்கிட்டார்’ என்றார் அட்டெண்டர். நண்பர்கள் வெளியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார்கள். வார்டே நிம்மதியாக இருந்தது.

அந்தக் குறட்டை தொண்டையில் நாக்கு விழுந்து காற்று தடைபடும் சத்தம். நல்ல தூக்கத்தில் வரும் குறட்டை மூச்சோடு சேர்ந்து ஒரே லயத்தில் ஏறி இறங்கும், தோளைத் தொட்டால் ஆள் புரண்டு படுப்பார். இவர் தொட்டும் புரளவில்லை. காதருகே பெயர் சொல்லிக் கத்தினேன், பதிலில்லை. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள தசையை விரல்களால் அழுத்திப் பிடித்தேன். கண் பாதி திறந்தது, ஒரு முனகல், வலது கை என் கையை நோக்கி வந்தது. இடது கை கொஞ்சம் மடங்கியதோடு நின்றுவிட்டது. கண்ணுக்கு 2, பேச்சுக்கு 2, அசைவுக்கு நல்ல பக்கத்தை எடுத்து 5. மொத்தம் 9. வலது கண்பாவை 5 மில்லிமீட்டர், வெளிச்சத்துக்கு மந்தமாகச் சுருங்கியது. இடது 3. பல்ஸ் 58. பிரஷர் 168/90.

நெஞ்செலும்பை முட்டியால் தேய்ப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. தோல் கன்றிப்போவதுதான் மிச்சம், அசைவையும் சரியாகக் கணிக்க முடியாது. இந்த ஸ்கோரை 1974இல் கிளாஸ்கோவில் வகுத்த டீஸ்டேலும் ஜென்னட்டும் எண்ணியது ஒரு எளிய விஷயத்தை: யார் பார்த்தாலும் ஒரே மாதிரி பார்க்கவும், அடுத்தவருக்கு ஒரே மாதிரி சொல்லவும் முடிய வேண்டும். ஆளுக்கொரு விதமாகக் கிள்ளிப் பார்த்தால் அது போய்விடும். கண்பாவைக்கு மொபைல் டார்ச் அடிப்பதும் அப்படித்தான். வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து இமை மூடிக்கொள்கிறது, மந்தமாகச் சுருங்குகிறதா என்று தெரிவதில்லை. பேனா டார்ச்சை பக்கவாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அறை விளக்கைக் கொஞ்சம் மறைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே நடந்தது இதுதான். காதுக்கு மேலே உள்ள எலும்பு மெல்லியது. அதன் உட்பக்கத்தில் ஒரு பள்ளத்தில் பதிந்தபடி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அது கிழிந்து, எலும்புக்கும் மூளையின் வெளி உறைக்கும் நடுவே ரத்தம் சேர்கிறது. மண்டையோடு விரியாத பானை. மூளை, ரத்தம், தண்டுவட நீர் மூன்றும் அடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பானையில் நாலாவதாக ஒன்று வந்தால், முதலில் நீரும் சிரை ரத்தமும் விலகி இடம் கொடுக்கும். நோயாளி டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தது அந்த நேரம். விட்டுக்கொடுக்க இடமில்லாமல் போன பிறகு ஒவ்வொரு மில்லிக்கும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். மூளையின் ஓரம் கீழே பிதுங்கி, கண்பாவையைச் சுருக்கும் நரம்பை நசுக்கும். அதனால்தான் அடிபட்ட அதே பக்கம் பாவை விரிகிறது, எதிர்ப்பக்கம் கை கால் தளர்கிறது. பிரஷர் ஏறி, பல்ஸ் இறங்கி, மூச்சு ஒழுங்கு கெடுவது, மூளை அறுவை நிபுணர் குஷிங் சொன்ன மூன்று அறிகுறிகள். புத்தகத்தில் இவற்றை எச்சரிக்கை என்று படிக்கிறோம். என் அனுபவத்தில் இவை வந்துவிட்டால் எச்சரிக்கைக்கான நேரம் முடிந்துபோயிற்று.

இந்தத் தடவை டாக்டரிடம் எண்ணை முதலில் சொன்னேன். ‘சார், தலைக்காயம், 10 மணிக்கு 14, இப்போ 9. வலது ப்யூப்பில் அஞ்சு, மந்தம். பல்ஸ் 58. உடனே வரணும், அனஸ்தீஷியாவையும் கூப்பிடறேன்.’ மூன்று எட்டில் வந்தார். ஒரே வார்டு, ஒரே டாக்டர், ஒரே நர்ஸ். 10.30க்கும் 11.20க்கும் நடுவே மாறியது வாக்கியம் மட்டும்.

செய்தவை

தாடையை முன்னால் தூக்கிப் பிடித்தேன், கழுத்தை அசைக்காமல். குறட்டை நின்றது, மாஸ்க் வழியே ஆக்சிஜன். தலையை 30 டிகிரி உயர்த்த வேண்டும், ஆனால் கழுத்தெலும்பு சரியாக இருக்கிறதா என்று தெரியாது, முதுகுப் பலகையை மடக்கித் தூக்கக்கூடாது. எங்கள் பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளைச் சொருகினோம், கட்டில் முழுவதும் சாய்ந்தது. தலை நேராக, மூக்கு கூரையைப் பார்க்க. கழுத்துப் பட்டை இறுக்கமாக இருந்தால் கழுத்துச் சிரைகள் அழுந்தி மூளையிலிருந்து ரத்தம் இறங்காது, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தினேன். மானிட்டர் ஒயர்களை ஒட்ட, அந்தப் புதுச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருந்தது.

தலைக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தான மானிட்டால் 20 சதவீதம், கிலோவுக்கு ஒரு கிராம். ஆள் அறுபது கிலோ இருப்பார், 60 கிராம், 100 மில்லி பாட்டில் மூன்று. ஏ.சி. அறை அலமாரியில் இருந்த முதல் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். அடியில் கற்கண்டுத் தூள் மாதிரிப் படிகம். அதை அப்படியே ஏற்றினால் ஊசிக்குழாயும் அடைக்கும், நோயாளிக்கும் ஆபத்து. வெந்நீரில் வைத்துக் குலுக்கி, கரைந்ததும் ஆறவைத்துத்தான் போட வேண்டும், அதற்கு நேரமில்லை. பக்கத்து வார்டு அலமாரியிலிருந்து தெளிவான பாட்டில்களை வாங்கி வரச்சொன்னேன். நான்கு நிமிடம் போனது. இப்போதெல்லாம் டியூட்டி ஏறியதும் மானிட்டால் பாட்டில்களை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கிறேன். மருந்து ஓட ஆரம்பித்தால் சிறுநீர் கொட்டும், எனவே சிறுநீர்க் குழாயும் பையும் போட்டோம், பிரஷரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தோம். இந்த வயதில் மேல் பிரஷர் 110க்குக் கீழே போகவிடக்கூடாது, ஆக்சிஜன் 90க்குக் கீழே போகவிடக்கூடாது. அடிபட்ட மூளைக்கு இந்த இரண்டும் இரண்டாவது அடி.

168 என்ற பிரஷரைக் குறைக்கலாமா என்று பயிற்சிப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது, அதைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள உடம்பு தானாகவே பிரஷரை ஏற்றுகிறது. அதைப் போய்க் குறைத்தால் மூளை பட்டினி கிடக்கும்.

11.40க்கு ஸ்கோர் 8. அனஸ்தீஷியா (மயக்க மருந்து) டாக்டர் மூச்சு விடுவதற்கான குழாயை வாய் வழியே போட்டார். காதில் ரத்தம் வந்தவர் என்பதால் மண்டையின் அடித்தளம் உடைந்திருக்கலாம், மூக்கு வழியே எதையும் நுழைக்கவில்லை, வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபும் வாய் வழியேதான். மூச்சுக்குப் போட்ட குழாயைக் கட்ட நாடாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கவில்லை, கன்னத்தில் பிளாஸ்டர்.

11.55க்கு சி.டி. வலது பக்கம் குவிந்த வில்லை போல வெள்ளையாக ரத்தக்கட்டி, மூளையின் நடுக்கோடு 9 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. கட்டி 30 மில்லிக்கு மேலிருந்தால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அறுவைதான். இது அதற்கு இரு மடங்கு.

ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்தும் மருந்தான டிரானெக்ஸாமிக் ஆசிட் பற்றி ஒரு வார்த்தை. 2019இல் வெளியான க்ராஷ்-3 ஆய்வு தலைக்காயத்தில் மூன்று மணி நேரத்துக்குள் கொடுப்பதைத்தான் பேசுகிறது. எங்கள் நோயாளிக்கு அந்தக் கெடு 11.30. சி.டி. படம் வந்தபோது அது தாண்டிப்போயிருந்தது. கொடுத்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று சொல்லமாட்டேன். 10.30க்கு சி.டி. எடுத்திருந்தால் அந்தக் கதவும் திறந்திருந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

வழியில்

மனைவி அதற்குள் வந்துவிட்டார். கையில் பூக்கூடை, கிரகப்பிரவேசத்துக்குப் போனவர் அப்படியே வந்திருக்கிறார். ‘சிஸ்டர், எங்கிட்ட எட்டு மணிக்குப் பேசினாரே, எப்படி சிஸ்டர்?’ என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். ‘அம்மா, தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, அதை எடுத்தாகணும், இங்க ஆள் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நானும் வர்றேன்’ என்றேன். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா, வலிப்பு உண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா என்று அந்த இரண்டு நிமிடத்தில் கேட்டுக்கொண்டேன். எதுவும் இல்லை.

12.25க்கு 108 கிளம்பியது. அதற்கு முன் டாக்டர் அங்கே போன் செய்து சி.டி. படங்களை அனுப்பிவிட்டார், தியேட்டர் தயாராகும் என்றார்கள். வண்டியில் என் வேலை, அவருக்கு மூச்சு கொடுக்கும் பையை அழுத்துவது. பயத்தில் கை வேகமாக அழுத்தும், அதுதான் ஆபத்து. வேகமாக அழுத்தினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் இறங்கினாலும் கூடவே மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும். மூளை பிதுங்கும்போது டாக்டர் சொன்னால் கொஞ்ச நேரத்துக்குக் கொஞ்சம் வேகம் கூட்டலாம், வழி முழுக்கக் கூடாது. எங்களிடம் கரியமில வாயுவை அளக்கும் கருவி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று வாய்விட்டு எண்ணி ஒரு அழுத்தம். 45 கிலோமீட்டரும் எண்ணினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்பாவை. நடுவழியில் வலது பாவை கொஞ்சம் சிறுத்தது போல இருந்தது. வண்டியின் வெளிச்சத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ‘4 இருக்கலாம்’ என்றுதான் எழுதினேன்.

1.20க்கு ஒப்படைத்தோம். 2.00 மணிக்குத் தியேட்டர். மூன்றாம் நாள் குழாய் எடுத்தார்கள், பதினொன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்.

கூட்டத்தில் பேசியது

நல்லபடியாக முடிந்த கேஸைத் தோண்டுவது யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் 10.30க்கும் 11.20க்கும் நடுவே 50 நிமிடம் ஒருவரும் அவரை எழுப்பிப் பார்க்கவில்லை. ஸ்கோர் 15 ஆகும்வரை அரைமணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 11 மணிக் கட்டம் காலியாக இருந்திருந்தால்கூட யாராவது கவனித்திருப்பார்கள். அது நிரம்பியிருந்தது, அதுதான் சிக்கல். பயிற்சிப் பெண்ணைத் திட்டுவதில் அர்த்தமில்லை. தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பதுதானே வீட்டில் நாம் கற்றது? தலைக்காய நோயாளியை மட்டும் எழுப்பித்தான் ஆக வேண்டும் என்று நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் நரம்பியல் அப்சர்வேஷன் சீட்டில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: ‘எழுப்பினேன் / எழுந்தார்’. அதில் நேரம் எழுத வேண்டும். ‘தூங்குகிறார்’ என்று எழுத இடமே இல்லை. ஷிஃப்ட் மாறும்போது இரண்டு நர்ஸ்களும் சேர்ந்து கட்டிலருகே நின்று ஒரே முறையில் ஸ்கோர் போடுகிறார்கள். இல்லாவிட்டால் காலை 13, மதியம் 12 என்று வந்தால் நோயாளி மாறினாரா, நர்ஸ் மாறினாரா என்று தெரியாது. டாக்டரிடம் சொல்லும்போது பழைய எண், புதிய எண், கண்பாவை என்ற வரிசை. ‘அப்படியேதான் இருக்கார்’ என்ற வாக்கியத்துக்கு எங்கள் வார்டில் தடை. சில டாக்டர்கள் முதலில் சிரித்தார்கள், சரி, சிரிக்கட்டும்.

எனக்கு இன்னும் தீராத ஒன்று உண்டு. இரவில் 22 கட்டிலுக்கு இரண்டு பேர் இருக்கும் வார்டில், பூச்சிமருந்துக் கேஸும் தலைக்காயமும் சேர்ந்து வந்தால், அரைமணிக்கு ஒருமுறை என்பது காகிதத்தில்தான் நடக்கும். சீட்டில் கட்டம் கூட்டலாம். கையைக் கூட்டுவது எங்கள் கையில் இல்லை.

மூன்று மாதம் கழித்து அவர் வந்தார், மனைவியோடு, ஏதோ சான்றிதழ் வாங்க. தலையில் முடி வளர்ந்து தழும்பு மறைந்திருந்தது. சட்டென்று கோபம் வருகிறது, கணக்கு போட முன்பைவிட நேரமாகிறது என்றார் மனைவி. சாரம் ஏற இன்னும் அனுமதிக்கவில்லையாம். அன்றிரவு எதுவும் அவருக்கு நினைவில்லை, என்னையும் தெரியவில்லை. மனைவி அறிமுகம் செய்துவைத்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தச் சட்டையை வெட்டியது யார் என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

‘ஒருதரம்தான் போட்டேன் சிஸ்டர்’ என்றார்.